அழக்கூடாத கண்

வவுனியா, கண் வார்ட்
03.03.2025

அன்புள்ள ஹாலிதாவுக்கு,

போனை எடுக்கவில்லை என்று என்னில் கோபமாய் இருப்பாய். அடிக்க அடிக்க உன் பெயரைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், எடுக்கவில்லை. காரணத்தைக் கேட்டுவிட்டுப் பிறகு ஏசு. இங்கே ஒரு டொக்டர் பிள்ளை இருக்கிறா, தாட்சாயினி என்று பெயர். வந்த அன்றே கண்டிப்பாய்ச் சொல்லிவிட்டா: "அம்மா, அழக்கூடாது. அழுதீங்கள் எண்டா விடுற மருந்தெல்லாம் கண்ணீரோட கழுவுப்பட்டுப் போயிடும்." உன் குரலைக் கேட்டால் நான் அழாமல் இருப்பேனா? நீ மூக்கை உறிஞ்சுகிற சத்தம் ஒன்றே எனக்குப் போதும். அதனால்தான் இந்தக் காகிதமும் பேனையும். உன் மகன் றிபாஸ் மீன் வண்டியோடு வவுனியாவுக்கு வருகிற நாளெல்லாம் வார்ட்டுக்கும் வந்து போகிறேன் என்று சொல்லியிருக்கிறான். கடிதத்தில் மீன் மணக்கும், பொறுத்துக்கொள். ஒற்றைக் கண்ணால் எழுதுகிறேன், வரி வாய்க்காலுக்குள் இறங்கினால் அதையும் பொறுத்துக்கொள்.

உன் களத்தில் விதை நெல் தூற்றும்போது விழுந்த ஒரு உமி இவ்வளவு வேலை காட்டும் என்று யார் கண்டது? உங்கள் தண்ணீரூற்று ஊரில் யாருடைய கண்ணில் என்ன விழுந்தாலும் உன்னிடம்தானே ஓடி வருவார்கள். நீ நாக்கு நுனியால் ஒரு தடவு தடவினாய், உறுத்தல் போய்விட்டது. பின்னேரம் உன் குசினியில் இருந்து இறால் கறியோடு சோறு தின்னும்வரைக்கும் நான் நல்லாய்த்தான் இருந்தேன். விசுவமடுவுக்கு வந்த பிறகுதான் கண் சிவந்தது. இவர் கடையில் ஒரு சொட்டு மருந்து வாங்கி வந்து தந்தார். நானும் நாலு நாள் விட்டேன். கண் வீங்கித் திறக்கமுடியாமல் போன பிறகுதான் இங்கே வந்தோம்.

கருவிழியில் புண்ணாம். சுரண்டி எடுத்துப் பார்த்தார்கள், ஒன்றும் பிடிபடவில்லை. கடை மருந்து விட்டதால் கிருமி ஒளித்துக்கொண்டதாம். நெல்லால் வருகிற புண் கூடுதலாய்ப் பூஞ்சணம்தான் என்று அதற்குத்தான் இப்போது முக்கியமாய் மருந்து விடுகிறார்கள். டொக்டர் இன்னொன்றும் கேட்டா: "ஆராவது வாயால ஊதினவையோ? நாக்கால எடுத்தவையோ? தாய்ப்பால் விட்டவையோ?" நான் முகத்தைச் சுளித்து, "சீ, இந்தக் காலத்தில ஆர் பிள்ளை அப்பிடிச் செய்யிறது" என்றேன். நடிப்புக்கு எனக்கு ஒரு பரிசு தரவேண்டும். இவர் பக்கத்தில் கதிரையில் இருந்தார். உமியைத் தண்ணீரால் கழுவியதாகத்தான் அவருக்கும் சொல்லி வைத்திருக்கிறேன்.

நீ கவலைப்படாதே. நோன்போடு வெயிலில் அலையாதே.

உன்
விமலேஸ்வரி

*

தண்ணீரூற்று
05.03.2025

என் விமலாவுக்கு,

இறைவன் உன் கண்ணைக் காப்பாற்றட்டும் என்று ஒவ்வொரு தொழுகையிலும் கேட்டுக்கொண்டு ஹாலிதா எழுதுகிறேன். நோன்பு பிடித்துக்கொண்டு பொய் சொல்லக்கூடாது, அதனால் உள்ளதைச் சொல்கிறேன்: உன் கடிதத்தை வாசித்துவிட்டு இரண்டு பேருக்குமாக நானே அழுது முடித்துவிட்டேன். எனக்குத் தடை இல்லைத்தானே.

போத்தலில் நோன்புக் கஞ்சி அனுப்பியிருக்கிறேன். இஞ்சி கூடப் போட்டிருக்கிறேன். சூடு ஆறுமுன் குடி. கதிரையில் இருக்கிற அப்புத்துரை அண்ணனுக்கும் கொடு.

இனி விசயத்துக்கு வருகிறேன். நீ பகிடியாய் எழுதியிருக்கிறாய், எனக்குச் சிரிப்பு வரவில்லை விமலா. அந்தக் கிழமை எனக்குக் கடைவாய்ப் பல் வீங்கிக் கிடந்தது. உனக்குத் தெரியும், நீதானே கராம்பு வைக்கச் சொன்னாய். அந்தக் கராம்பை ஒரு கொடுப்புக்குள் அடக்கிக்கொண்டுதான் உன் கண்ணில் நாக்கை வைத்தேன். பல்லைச் சுற்றிச் சீழ் இருந்தது. எச்சில் கசந்தது. அது எனக்குத் தெரிந்திருந்தும் வைத்தேன், எத்தனையோ பேருக்கு எடுத்த நாக்குத்தானே என்ற எண்ணம்.

டொக்டர் ஒரு காரணமும் இல்லாமல் அப்படிக் கேட்பாவா? அவா கேட்ட கேள்விக்குள்தான் உன் கண் இருக்கிறது. நெல்லால் வந்தது என்று நினைத்து ஒரு மருந்தை விட்டுக்கொண்டிருக்க, வந்தது என் வாயால் என்றால் என்ன செய்வாய்? நாளைக்கே சொல். உனக்கு வெட்கமாய் இருந்தால் என் பெயரைச் சொல். தண்ணீரூற்றில் ஒரு பைத்தியக்காரி நாக்கால் எடுத்தவள் என்று சொல். எனக்கு ஒரு குறையும் வந்துவிடாது.

மறுமொழி உடனே வேண்டும். றிபாஸ் நாளை மறுநாள் வருவான்.

ஹாலிதா

*

வவுனியா
07.03.2025

ஹாலிதா,

சொல்லமாட்டேன். முதலிலேயே எழுதிவிடுகிறேன், நீ வீணாய் அடுத்த வரியில் தேடாதே.

நீ பெரிய மனதோடு என் பெயரைச் சொல் என்கிறாய். கதிரையில் இருக்கிற மனிதரை மறந்துவிட்டாய். அப்புத்துரை என்ற அந்த மனிதருக்குக் கோபம் வந்தால் மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு இறங்கிவிடுவார், பிறகு ஆனை கட்டி இழுத்தாலும் திரும்பமாட்டார். சொந்தத் தம்பியோடு வேலித் தகராறில் விட்ட கதைபேச்சு, தம்பியின் செத்த வீட்டில்கூடத் திரும்பி வரவில்லை. நீங்கள் இடம்பெயர்ந்து போயிருந்த புத்தளத்தில் இருந்து திரும்பி வந்தபோது காடு பற்றிக் கிடந்த உங்கள் வயலை உன் மனிசன் கலந்தரும் இவரும் சேர்ந்துதானே வெட்டித் திருத்தினார்கள். கலந்தர் கண்ணை மூடிய பிறகும் இவர் அந்த வயலை விடவில்லை. பாதி நெல் உனக்கு, பாதி எங்களுக்கு. உன் அடுப்பும் என் அடுப்பும் அந்த ஒரு வயலில்தான் எரிகிறது. ஒரு வார்த்தையில் அதை அணைக்கச் சொல்கிறாயா? வயலை விடு, நெல் எங்கேயும் வாங்கலாம். உன் வீட்டு வாசல் படலையை நான் எங்கே வாங்குவது?

கண்ணைப் பற்றிக் கேட்பாய். குறையவில்லை. வெள்ளைப் புள்ளி உழுந்தளவு வந்துவிட்டது. வெளிச்சம் பட்டால் ஊசி குத்துகிற மாதிரி இருக்கிறது, துணியால் மூடிக்கொண்டுதான் கிடக்கிறேன். டொக்டர் இன்று காலை டோர்ச் அடித்துப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் போனா. அவா பேசாமல் போனதுதான் எனக்குப் பயம். பிறகு நேர்ஸ் பிள்ளை சொன்னா, புண் ஆழமாய்ப் போனால் விழி ஓட்டையாகிவிடுமாம், பிறகு கொழும்புக்குத்தான் என்று.

எனக்கு இன்னொரு கண் இருக்கிறது. உன்னைப் போல இன்னொருத்தி இல்லை. கணக்குச் சரியாய்த்தான் பார்த்திருக்கிறேன், நீ குழப்பாதே.

கஞ்சி நல்லாய் இருந்தது. உப்புக் குறைவு.

விமலா

*

தண்ணீரூற்று
08.03.2025

விமலா,

உன் கணக்கில் நெருப்பு வைக்க.

நாளைக்கு றிபாஸின் வண்டியில் நானே வருகிறேன். மீன் பெட்டிக்குப் பக்கத்தில் இருந்து வருவேன். நீ ஒன்றும் சொல்லவேண்டாம், கட்டிலில் கிடந்தால் போதும். என்னைப் பார்க்கவும் வேண்டாம், மற்றப் பக்கம் திரும்பிப் படு. பார்த்தால் இரண்டு பேரும் அழுவோம், மருந்து வீணாய்ப் போகும்.

அப்புத்துரை அண்ணன் என்ன சொன்னாலும் சொல்லட்டும். அவருடைய கோபத்துக்காக உன் கண்ணைக் கொடுக்க எனக்கு விருப்பமில்லை. அது உன் கண், ஆனால் புண் என்னுடையது.

ஹாலிதா

*

வவுனியா
14.03.2025

அன்புள்ள ஹாலிதாவுக்கு,

வாய் இருந்தால் வங்காளம் போகலாம் என்பார்கள். உன் வாய் வவுனியா வரைக்கும் வந்து வார்ட்டையே கலக்கிவிட்டுப் போய்விட்டது.

நீ சொன்னபடி நான் மற்றப் பக்கம் திரும்பித்தான் கிடந்தேன், ஆனால் காது இருக்கிறதே. "டொக்டர், இவவின்ர கண்ணில நாக்கு வைச்சது நான்தான். பல்லு சீழ் பிடிச்சிருந்தது. இந்தா, என்ர வாயைப் பாருங்கோ" என்று நீ நடு வார்ட்டில் வாயைப் பிளந்துகொண்டு நின்றாயாமே. அங்கே கிடந்த ஒற்றைக் கண்கள் எல்லாம் உன் கடைவாயைத்தான் பார்த்தனவாம். பக்கத்துக் கட்டில் அக்கா இன்னும் சொல்லிச் சிரிக்கிறா. டொக்டர் ஏசுவா என்று நினைத்தேன். ஏசவில்லை. டோர்ச்சை எடுத்து உன் வாயைப் பார்த்துவிட்டு, "வந்து சொன்னது நல்லது அம்மா. நீங்கள் முதல்ல பல்லுக் கிளினிக்குக்குப் போங்கோ" என்று மட்டும் சொன்னா.

அதற்குப் பிறகு நடந்ததைக் கேள். அன்றைக்கே மறுபடியும் புண்ணைச் சுரண்டினார்கள். பின்னேரம் டொக்டர் தன் போனில் ஒரு படம் கொண்டுவந்து என் நல்ல கண்ணுக்குக் காட்டினா. ஊதா நிறத்தில் சின்னச் சின்ன உருண்டைகள், மணி கோர்த்த மாதிரி வரிசையாய். "ஊதாச் சாயத்தை ஊத்திப்போட்டுக் கழுவினா சில கிருமியில நிறம் நிக்காது அம்மா. இது விடாமல் பிடிச்சு வைச்சிருக்கும். கிராம் பொசிற்றிவ் எண்டு சொல்லுறது. இது எல்லாற்ற வாயிலயும் இருக்கு, என்ர வாயிலயும் இருக்கு. அங்க இருக்கிற வரைக்கும் பெரிசா ஒரு கரைச்சலும் இல்லை. கருவிழியில காயம் பட்ட இடத்தில போய்க் குந்தினாத்தான் கண்ணைத் தின்னும்." பிடித்தால் விடாத குணத்தைப் பார்த்தால் அது ஹாலிதாவின் கிருமி இல்லை, என் கிருமி மாதிரித்தான் இருக்கிறது என்று சொன்னேன். அவாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

பூஞ்சண மருந்தை நிற்பாட்டிவிட்டார்கள். இப்போது பிரிட்ஜில் வைக்கிற வேறு மருந்து, மணிக்கு ஒரு தரம். இரவிலும் எழுப்பி விடுகிறார்கள். குளிர்ந்து எரிகிறது, ஆனால் ஊசி குத்துகிற நோ குறைந்துவிட்டது. புண் மேலே பெருக்கவில்லை. இன்று காலை டொக்டர் பார்த்துவிட்டுப் பேசினா. அது போதும் எனக்கு.

ஒன்றுதான் விளங்கவில்லை. நீ சொல்லி முடித்த உடனே இவர் கதிரையைத் தள்ளிவிட்டு வெளியே போனார். நீ பின்னால் போனாய். அதோடு நீயும் வரவில்லை. கேட்டால் இவர் வாய் திறக்கிறார் இல்லை. கஞ்சி ஒழுங்காய் வருகிறது, கடிதம் வருகிறது இல்லை. றிபாஸைக் கேட்டால் நிலத்தைப் பார்க்கிறான். அங்கே என்ன நடந்தது?

உன்
விமலா

*

தண்ணீரூற்று
20.03.2025

விமலாவுக்கு,

புண் பெருக்கவில்லை என்று வாசித்தபோது நெற்றியை நிலத்தில் வைத்துச் சஜ்தாவில் விழுந்துவிட்டேன். அல்ஹம்துலில்லாஹ்.

நீ கேட்டதற்குப் பதில் சொல்கிறேன், பிறகு இதைப் பற்றிக் கதைக்கவேண்டாம். ஆஸ்பத்திரி வாசலில் வைத்து அப்புத்துரை அண்ணன் கேட்டார்: "வாயை வைச்சுக் கெடுத்துப்போட்டு, அதை வாயால சொல்லவும் வந்திட்டீங்களோ? இனி என்ர வீட்டுப் பக்கமும் வேண்டாம், உங்கட வயலும் வேண்டாம்." அவ்வளவுதான். அவர் சொன்னதில் பிழை எங்கே இருக்கிறது? எனக்கு நெஞ்சு வலித்தது, இன்னும் வலிக்கிறது, ஆனால் வந்ததற்காக ஒரு நிமிடமும் வருந்தவில்லை. மறுபடி வரவேண்டி இருந்தாலும் வருவேன்.

அந்தப் பல்லைப் பிடுங்கிவிட்டேன். முந்தநாள் நெல் வெட்டு மெசின் ஓட்டுகிற யதுர்ஷன் கண்ணைப் பொத்திக்கொண்டு படலைக்கு வந்தான். "மாமி, ஒருக்கா எடுத்து விடுங்கோ, வழமைதானே" என்றான். வாயை இறுக்கி மூடிக்கொண்டேன். கொதித்தாறின தண்ணீரை ஊற்றிக் கழுவிவிட்டு, ஓட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஏற்றினேன். போகமாட்டேன் என்று அடம்பிடித்தான், பெரிய ஆள் மாதிரி மெசினை விட்டு வரமுடியாது என்று விளக்கம் சொன்னான். விமலாவின் கண்ணை ஒருக்கால் போய்ப் பார்த்துவிட்டு வந்து கதை என்று சத்தம் போட்டேன், ஏறிவிட்டான். இந்த ஊரில் இனி யாருடைய கண்ணிலும் யாருடைய நாக்கும் படாது. அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

சிறுபோக விதைப்புக்கு வயலைச் சும்மா விடுகிறேன். வேறு ஆளுக்குக் கொடுக்க மனம் வரவில்லை. றிபாஸின் மீன் வருமானத்தில் சமாளிப்போம்.

இனி எழுதாதே விமலா. உன் வீட்டில் என்னால் சண்டை வரவேண்டாம். கஞ்சி மட்டும் பெருநாள் வரைக்கும் வரும். அதையாவது வேண்டாம் என்று சொல்லாதே.

ஹாலிதா

*

விசுவமடு
12.04.2025

என் ஹாலிதாவுக்கு,

எழுதாதே என்றாய். மூன்று கிழமை மட்டுமட்டாய் உன் சொல் கேட்டேன், என் ஆயுசில் அதுவே சாதனை. இனிக் கேட்கமாட்டேன். பெருநாளுக்கு நீ அனுப்பிய வட்டிலப்பத்தை வார்ட் முழுக்கப் பங்கு வைத்தேன். டொக்டர் இரண்டு தரம் கேட்டு வாங்கினா.

போன கிழமை வார்ட்டில் துண்டு வெட்டி விட, வீட்டுக்கு வந்துவிட்டேன். பார்வை முழுதாய்த் திரும்பவில்லை. உனக்கு மறைக்க என்ன இருக்கிறது? கருவிழியில் வெள்ளைத் தழும்பு. முன்னால் நீட்டினால் விரலை எண்ணுவேன். ஆள் வருவது தெரியும், முகம் தெரியாது. தழும்பு நன்றாய் ஆறின பிறகு, யாரோ தானம் செய்த விழியைக் கொழும்பில் வைத்துத் தைக்கலாம் என்று டொக்டர் பெயர் பதிந்திருக்கிறா. எவ்வளவு காலம் ஆகுமோ தெரியாது. நான் விடுகிற ஆள் இல்லை, போவேன். இன்னும் கொஞ்ச நாள் அந்தப் பூஞ்சண மருந்தோடு இருந்திருந்தால் கண்ணையே எடுத்திருப்போம் என்றும் அவா சொன்னா. உன் வாயால் போனது பாதி, உன் வாயால் மிஞ்சினது பாதி. அப்படித்தான் நான் கணக்கு வைத்திருக்கிறேன். முந்தின கணக்கில் நெருப்பு வைத்தாய், இதில் வைக்காதே.

நானும் உள்ளதைச் சொல்லவேண்டும். நோ தாங்கமுடியாமல் கிடந்த ஒரு நாள் உன்னைச் சபித்தேன். வெளியே சொல்லவில்லை, மனதுக்குள். உன் நாக்கு அழுகிப்போக என்று. அடுத்த நாள் நீ மீன் பெட்டிக்குப் பக்கத்தில் இருந்து வந்து இறங்கினாய். நான் மற்றப் பக்கம் திரும்பிக் கிடந்தது உன் சொல்லுக்காக மட்டும் இல்லை, வெட்கத்துக்காகவும்தான்.

இனி மண்வெட்டிக்காரரின் கதை. துண்டு வெட்டுகிற அன்று இவர் டொக்டரிடம் போய், "நாக்கு வைச்சவவில ஒரு கேஸ் போடேலாதோ?" என்று கேட்டார். டொக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "அவ வந்து சொல்லியிருக்காட்டி நான் பிழையான மருந்தைத்தான் விட்டுக்கொண்டிருந்திருப்பன் ஐயா. உங்கட மனுசி என்னட்டை மறைச்சவ. அவவில கேஸ் போடுவமோ?" என்றா. இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் விடவில்லை. "போன வருசம் உங்கட கண்ணில விழுந்த உமியை எடுத்தது ஆர்? அண்டைக்கு இனிச்ச நாக்கு இண்டைக்குக் கசக்குதோ?" என்றேன். பஸ் ஏறி விசுவமடு வந்தோம். வீட்டுப் படலையைத் திறக்கும்போது, "கண்கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்" என்று முணுமுணுத்தார். "கண் இன்னும் கெடேல்லை, போய் நமஸ்காரத்தைச் செய்யுங்கோ" என்றேன்.

முந்தநாள் விடியவே மண்வெட்டியை மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு வெளிக்கிட்டார். எங்கே என்று கேட்டதற்கு, "சிறுபோகத்துக்குத் தண்ணி திறக்கப்போறாங்கள், வரம்பெல்லாம் உடைஞ்சு கிடக்காம்" என்றார். யாருடைய வரம்பு என்று நான் கேட்கவில்லை. றிபாஸ் சொன்னான், அவர் இரண்டு நாளாய் உன் வயலில்தான் நிற்கிறாராம், நீ கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருக்கிறாயாம். அவர் வாயால் மன்னிப்புக் கேட்கிற ஆள் இல்லை ஹாலிதா, அதைச் செய்ய அவருக்கு மண்வெட்டிதான் தெரியும். ஒரு தேத்தண்ணியைக் கொண்டுபோய் வரம்பில் வைத்துவிட்டு வா. கதைக்கவேண்டாம், வைத்தால் போதும். குடிப்பார்.

கடைசியாய் ஒன்று, இதற்காகத்தான் இந்தக் கடிதமே. நேற்றுக் கிளினிக்குக்குப் போனேன். டொக்டர் டோர்ச் அடித்து அப்படி இப்படிப் பார்த்துவிட்டு, புண் முழுக்க ஆறிவிட்டது என்று சொல்லி, மருந்துப் போத்தலை என் கையில் இருந்து வாங்கிக் குப்பை வாளிக்குள் போட்டா. நான் முதலில் கேட்டது பார்வையைப் பற்றி இல்லை. "டொக்டர், இனி அழலாமோ?" என்று கேட்டேன். அந்தப் பிள்ளை என் தோளில் கையை வைத்து, "ஓம் அம்மா, இனி வடிவா அழலாம்" என்றா.

ஆஸ்பத்திரியில் அழவில்லை. பஸ்ஸிலும் அழவில்லை. சேர்த்து வைத்திருக்கிறேன்.

றிபாஸ் இந்தக் கடிதத்தை உன் கையில் தந்துவிட்டு எனக்கு ஒரு மிஸ்ட் கோல் தருவான். நீ வாசித்து முடிக்கும்வரைக்கும் பொறுத்துவிட்டு நான் உனக்கு அடிப்பேன். போனை மடியில் வைத்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

நான் அன்றைக்கு எடுக்கவில்லை, நீ எடு.

உன்
விமலா